குளிர்ப் பட்டறை

லைடன் நகரம், ஹாலந்து. ஸ்டேன்ஸ்கூர் கால்வாய்க் கரையில் ஒரு பெரிய கட்டடம். நீர் அசையாமல் கிடக்கிறது. 1807 ஜனவரி 12 அன்று இதே கரையில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்தது. தெருக்கள் தரைமட்டமாயின. 150 பேர் வரை மாண்டார்கள். வெகு காலம் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. ஊரார் வாயில் அதன் பெயர் 'இடிபாடு'. அங்கேதான் பிறகு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகம் எழுந்தது.

1882 நவம்பர் 11. புதிய பேராசிரியர் தன் முதல் உரையை வாசிக்கிறார். வயது 29. குரோனிங்கன் ஊர்க்காரர். அப்பாவுக்குச் செங்கல் சூளை. தம்பி மென்சோ ஓவியர். தங்கை மணக்கப்போவதும் ஓர் ஓவியரையே. இவர் பெயர் ஹைக்கே காமர்லிங் ஒன்னஸ். உடல்வாகு அவ்வளவு திடமில்லை. உரையின் சாரம் ஒன்றுதான்: அளந்தால்தான் அறியலாம். ஒவ்வோர் ஆய்வகத்தின் வாசலிலும் இதை எழுதிவைக்க ஆசை என்கிறார்.

கைதட்டல் முடிகிறது. மறுநாள் முதல் குழாய்கள், திருகுகள், தோல் வளையங்கள், பம்புகள்.

ஒரு பம்பு வருகிறது. கசிகிறது. கழற்றுகிறார்கள். மாட்டுகிறார்கள். மறுபடி கசிகிறது. மாதங்கள் ஓடுகின்றன. வருடங்களும் ஓடுகின்றன. பேராசிரியரின் பெயரில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை. வாயுக்களின் அழுத்தமும் பருமனும் வெப்பநிலையும் பட்டியல் பட்டியலாக வருகின்றன. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வான் டெர் வால்ஸின் சமன்பாட்டோடு அவை ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கப்படுகின்றன. அந்தச் சமன்பாடு எந்த வாயுவையும் திரவமாக்கலாம் என்கிறது. எந்தக் குளிரில் என்பதையும் கணக்கிட வழி தருகிறது.

குளிர் படிப்படியாக இறங்குகிறது. முதல் சுற்றில் மெதில் குளோரைடு. அழுத்தத்தைக் குறைத்துக் கொதிக்கவிட்டால் சுமார் -90 டிகிரி. அந்தக் குளிரில் எத்திலீன் திரவமாகிறது. அதையும் அப்படியே கொதிக்கவிட்டால் -150 டிகிரிக்குப் பக்கம். அந்தக் குளிரில் ஆக்சிஜன். ஒரு வாயு அடுத்த வாயுவைக் குளிர்விக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பம்பு. ஒவ்வொரு பம்புக்கும் ஓர் ஆள். 1894இல் மணிக்கு 14 லிட்டர் திரவக் காற்று கிடைக்கிறது. வேறு பல ஆய்வகங்களில் பேராசிரியர்கள் சில துளிகளைக் காட்டுகிறார்கள். இங்கே பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள்.

1895. நகரமன்றத்துக்குச் செய்தி எட்டுகிறது. 'இடிபாடு' இருந்த இடத்தில் அழுத்தப்பட்ட வாயு உருளைகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். 1807ஐ ஊர் மறக்கவில்லை. தடை வருகிறது. மனுக்கள் எழுதப்படுகின்றன. குழு அமைகிறது. குழுவில் வான் டெர் வால்ஸும் இருக்கிறார். லண்டனிலிருந்து ஜேம்ஸ் டூவர் ஆதரவுக் கடிதம் அனுப்புகிறார். குளிரில் ஒன்னஸுக்கு நேர்ப் போட்டியாளர் அவர்தான்.

மூன்று வருடம் குளிர்ப் பம்புகள் ஓடவில்லை. 1896இல் இதே கட்டடத்தில் பீட்டர் ஸீமன் என்ற இளைஞர் காந்தத்தின் நடுவே சோடியம் சுடரை வைக்கிறார். ஒளிக்கோடு அகலமாகிறது. அந்த முடிவை அறிவியல் கழகத்தில் வாசித்தளிப்பவர் ஒன்னஸ். அதற்காக 1902இல் ஸீமனுக்கு நோபல் பரிசில் பங்கு. 1898இல் குளிர் வேலைக்கு அனுமதி வருகிறது. அதே வருடம் மே மாதம் டூவர் லண்டனில் ஹைட்ரஜனைத் திரவமாக்கிவிடுகிறார்.

ஒன்னஸ் அவசரப்படவில்லை. 1901இல் ஒரு பள்ளி தொடங்குகிறார்.

பள்ளியில் இயற்பியல் பாடத்துக்கு முன் அரம். நீல அங்கி போட்ட பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். பித்தளைத் துண்டைப் பட்டறைக் கிடுக்கியில் இறுக்குகிறார்கள். அராவுகிறார்கள். அளக்கிறார்கள். மறுபடி அராவுகிறார்கள். வேறொரு மூலையில் கண்ணாடி ஊதுகிறார்கள். சுடரில் கண்ணாடிக்குழாய் இளகுகிறது. ஓஸ்கர் கெசல்ரிங் குழாயைச் சுழற்றியபடி ஊதுகிறார். ஒரு கை நின்றால் கண்ணாடி தொங்கிவிடும். இரண்டு கைகளும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. பையன்கள் அவர் கன்னத்தைப் பார்ப்பதில்லை. விரல்களைப் பார்க்கிறார்கள்.

இவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'நீலப் பையன்கள்'. பகலில் ஆய்வகத்தில் வேலை. அதோடு படிப்பு. வால்வு திறக்க, அழுத்தமானி பார்க்க, பம்புக்கு எண்ணெய் விட, கண்ணாடி கழுவ. இவர்களுக்கெல்லாம் மேலே ஹெரிட் யான் ஃப்ளிம். குளிர் ஆய்வகத்தின் தலைமை மெக்கானிக். பேராசிரியர் வரைந்து கொடுப்பதை உலோகமாக்குபவர். வரையாமல் விட்டதையும் சேர்த்துச் செய்பவர்.

அதே 1901 ஏப்ரலில் ஓர் அஞ்சலட்டை வருகிறது. அனுப்பியவருக்கு 22 வயது. சூரிச்சில் படித்து முடித்தவர். வேலையில்லை. உதவியாளர் இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பிக்கிறார். பதிலுக்கான அட்டையும் தபால்தலையோடு உடன் இணைந்திருக்கிறது. பதில் பகுதி கடைசிவரை கிழிக்கப்படவில்லை. அட்டை முழுதாக இன்னும் லைடனில் இருக்கிறது. கையெழுத்து: ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

1906. லைடனின் ஹைட்ரஜன் எந்திரம் தயார். மணிக்கு 4 லிட்டர் திரவ ஹைட்ரஜன். வெப்பநிலை -253 டிகிரி. டூவரைவிட எட்டு வருடம் தாமதம். ஆனால் இந்த எந்திரம் நிற்பதில்லை.

மீதமிருப்பது ஒரே வாயு. ஹீலியம். சூரிய ஒளியில் மஞ்சள் கோடாக 1868இல் தெரிந்தது. பூமியில் 1895இல் வில்லியம் ராம்சே கையில் சிக்கியது. லண்டனில் ராம்சேயிடம் ஹீலியம் இருக்கிறது. டூவரிடம் குளிர் இருக்கிறது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

லைடனில் ஹீலியத்துக்கு மணல் வேண்டும். மோனசைட் மணல். அமெரிக்காவின் வட கரோலினாவில் கிடைக்கிறது. ஒன்னஸின் இன்னொரு தம்பி ஓனோ, ஆம்ஸ்டர்டாமில் வணிகத் தகவல் அலுவலகத்தின் இயக்குநர். அவர் வழியாக மணல் கப்பலேறி வருகிறது. மூட்டை மூட்டையாக.

மணலைச் சூடாக்குகிறார்கள். வாயு வெளியேறுகிறது. அதோடு அழுக்கும் வருகிறது. எரிக்கிறார்கள். குளிரவைக்கிறார்கள். கரியின் மேல் செலுத்துகிறார்கள். வேதியியலாளர்கள் இதையே மாதக்கணக்கில் செய்கிறார்கள். கடைசியில் எந்திரத்தில் சுற்ற 200 லிட்டர், கையிருப்பாக 160 லிட்டர். அவ்வளவுதான். ஓர் இணைப்பு கசிந்தால் மூட்டைகள் காற்றோடு போய்விடும்.

1908 தொடக்கத்தில் ஒரு தந்தி டூவருக்குப் போகிறது. ஹீலியம் உறைந்துவிட்டது. கண்ணாடிக்குள் வெண்மையாக ஏதோ தெரிந்தது. பிறகு சோதிக்கிறார்கள். ஹீலியத்தில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்திருந்தது. உறைந்தது அதுதான். தந்தியை மறுத்து ஒன்னஸ் தானே அறிவிக்கிறார். ஹீலியத்தை மறுபடி தூய்மை செய்கிறார்கள். முதல் படியிலிருந்து.

1908 ஜூலை 9, வியாழன். நாள் முழுதும் திரவக் காற்று தயாரிக்கிறார்கள். 75 லிட்டர். பாத்திரங்களில் ஆவி மேலெழுகிறது.

ஜூலை 10, வெள்ளி. காலை 5:45. ஹைட்ரஜன் எந்திரம் ஓடத் தொடங்குகிறது. ஃப்ளிம் ஒரு பக்கம். கெசல்ரிங் ஊதிய கண்ணாடிகள் நடுவில். நீல அங்கிகள் நகர்கின்றன. யாரும் உரக்கப் பேசுவதில்லை. பம்புகளின் சத்தம் மட்டும்.

பிற்பகல் 1:30. திரவ ஹைட்ரஜன் 20 லிட்டர் சேர்ந்துவிட்டது.

பேராசிரியரின் மனைவி ரொட்டி கொண்டு வருகிறார். கணவரின் கைகள் கருவியை விட்டு அகலவில்லை. ரொட்டியைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டுகிறார். பேராசிரியர் மெல்கிறார். கண் அழுத்தமானியிலேயே இருக்கிறது.

எந்திரத்தின் அடிப்பகுதியில் கண்ணாடிக்குள் கண்ணாடி. நடுவில் ஹீலியம் விழ வேண்டிய குடுவை. அதைச் சுற்றி இன்னொரு குடுவை, அதில் திரவ ஹைட்ரஜன். அதைச் சுற்றி இன்னொன்று, திரவக் காற்று. எல்லாவற்றுக்கும் வெளியே வெதுவெதுப்பான ஆல்கஹால். ஆல்கஹால் இல்லாவிட்டால் காற்றின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். சுவர்களுக்கு இடையே வெற்றிடம். இத்தனை அடுக்குகளையும் தாண்டிப் பார்வை உள்ளே போக வேண்டும். ஒரு குடுவை விரிசல் விட்டாலும் அன்றைய வேலை முடிந்தது. கெசல்ரிங் விரல்களின் வேலை அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

மாலை 4:20. ஹீலியம் சுற்றத் தொடங்குகிறது. ஹைட்ரஜனின் குளிரில் நனைந்து, நுண்துளை வழியே விரிந்து, மேலும் குளிர்ந்து, பம்புக்குத் திரும்பி, மறுபடி இறங்குகிறது. ஒரே ஹீலியம். மறுபடி மறுபடி.

வெப்பமானி முதலில் அசைவதேயில்லை. பிறகு மெல்ல இறங்குகிறது. பிறகு நிற்கிறது. அழுத்தத்தை மாற்றுகிறார்கள். கொஞ்சம் இறங்குகிறது. ஏறுகிறது. மறுபடி இறங்குகிறது. ஐந்து கெல்வினுக்கும் கீழே வந்து அப்படியே நின்றுவிடுகிறது. கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை.

மாலை ஏழு தாண்டிவிட்டது. கடைசி ஹைட்ரஜன் பாத்திரம் இணைக்கப்பட்டுவிட்டது. அது தீர்ந்தால் எல்லாம் நிற்கும். பல்கலைக்கழகத்தில் செய்தி பரவியிருக்கிறது. சிலர் எட்டிப்பார்க்க வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வேதியியல் பேராசிரியர் ஸ்க்ரைனேமேக்கர்ஸ். வெப்பமானி நகராமல் நிற்பதைக் கேட்கிறார். கொதிக்கும் திரவத்துக்குள் வைத்தாலும் வெப்பமானி அப்படித்தான் நிற்கும். கண்ணாடியைக் கீழிருந்து வெளிச்சம் போட்டுப் பாருங்கள் என்கிறார்.

கீழே விளக்கு வைக்கிறார்கள்.

திரவத்தின் மேல்மட்டம் தெரிகிறது. கண்ணாடிச் சுவரில் கத்தி முனை போல ஒரு கோடு. குடுவை ஏறக்குறைய நிரம்பியிருக்கிறது. 60 கன சென்டிமீட்டர். நிறமில்லை. நீரின் அடர்த்தியில் எட்டில் ஒரு பங்கு. திரவம் வெகு நேரமாக அங்கேயே இருந்திருக்கிறது. அறையில் நின்ற யாரும் அது வந்து சேர்ந்த நொடியைப் பார்க்கவில்லை. கொதிநிலை 4 கெல்வினுக்குச் சற்று மேலே. செல்சியஸில் -269.

வேறொருவர் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஒன்னஸ் பம்பை மேலும் இயக்கச் சொல்கிறார். திரவத்தின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கிறார். உறைகிறதா என்று பார்க்க வேண்டும். உறையவில்லை. இரவு பத்து மணி வாக்கில் எந்திரம் நிற்கிறது. விடியற்காலையில் வந்தவர்கள் அங்கியைக் கழற்றுகிறார்கள்.

அந்த முடிவைச் சொல்லும் கட்டுரையில் ஃப்ளிமுக்கும் கெசல்ரிங்குக்கும் நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. கடைசியில்.

பிறகு மூன்று வருடம். ஹீலியம் இருக்கிறது, அதற்குள் எதையும் வைத்து ஆராய இடமில்லை. திரவமாக்கும் எந்திரம் நெரிசலானது. திரவத்தைப் பக்கத்திலுள்ள இன்னொரு குடுவைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஆவியாகாமல். ஃப்ளிம் அந்தக் குழாயைச் செய்கிறார். உள்ளே துழாவி ஒன்றையும் பொருத்துகிறார்.

கேள்வி மின்தடை பற்றியது. உலோகத்தைக் குளிரவைத்தால் மின்தடை குறையும். முழுக்கக் குளிரவைத்தால்? எலக்ட்ரான்களே உறைந்து மின்தடை அளவில்லாமல் ஏறும் என்பது கெல்வின் பிரபுவின் கருத்து. பூஜ்யத்தை நோக்கி இறங்கும் என்பது இன்னொரு கருத்து. பிளாட்டினத்தில் பார்க்கிறார்கள். குறைந்துகொண்டே வந்து ஓர் அளவில் நின்றுவிடுகிறது. தங்கத்திலும் அப்படியே. காரணம் உலோகத்திலுள்ள கலப்பு. கலப்பில்லாத உலோகம் வேண்டும். பாதரசத்தை வாலைவடித்து வடித்துச் சுத்தமாக்கலாம். அதனால் பாதரசம்.

மயிரிழைக் கண்ணாடிக்குழாய்கள். ஆங்கில 'யு' எழுத்து வடிவம். ஏழு. ஒன்றோடு ஒன்று தொடராக இணைந்தவை. உள்ளே பாதரசம். பாதரசம் உறையும்போது சுருங்கும். இழை அறுந்துவிடும். அறாமலிருக்க மேலே சிறு குமிழ்களில் கூடுதல் பாதரசம். இந்தக் குழாய்களை நிரப்புவது ஒரு தனி வேலை. ஒரு காற்றுக்குமிழி நுழைந்தால் மறுபடி முதலிலிருந்து.

1911 ஏப்ரல் 8, சனி. காலை ஏழு மணிக்கே கூடிவிடுகிறார்கள். நான்கு பேர். ஃப்ளிம் எந்திரத்தோடு. கார்னெலிஸ் டோர்ஸ்மன் வெப்பநிலையோடு. ஒன்னஸ் குறிப்பேட்டோடு. நான்காமவர் ஹிலெஸ் ஹோல்ஸ்ட் இந்த அறையில் இல்லை. அவர் தொலைவில் வேறோர் அறையில் இருக்கிறார். பம்புகளின் அதிர்வு அங்கே எட்டாது. எதிரே கால்வனாமீட்டர். சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அளவுகோலில் அசைகிறது. ஹோல்ஸ்ட் அதை வாசிக்கிறார்.

குறிப்பேட்டில் பென்சில் எழுத்து. எளிதில் வாசிக்க முடியாத கையெழுத்து. முற்பகலில் புதிய குழாய் வழியாக ஹீலியம் வருகிறது. துழாவி வேலை செய்கிறது. 4.3 கெல்வின். பாதரசத்தில் மின்தடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. குறிப்பு. பம்பு ஓடுகிறது. அழுத்தம் குறைகிறது. குளிர் இறங்குகிறது. மாலை நான்கு மணி. 3 கெல்வின். ஹோல்ஸ்ட் சொல்லும் எண் வந்து சேர்கிறது. ஒன்னஸ் எழுதுகிறார்: பாதரசம் ஏறக்குறைய பூஜ்யம். அடுத்த வரி தங்கம் பற்றியது. ஆச்சரியக்குறி இல்லை. அடிக்கோடு இல்லை.

பக்கம் தொடர்கிறது. இன்னும் கீழே போகிறார்கள். சுமார் 1.8 கெல்வின். ஹீலியத்தின் கொதிப்பு திடீரென்று நிற்கிறது. குமிழி இல்லை. திரவம் அசையாமல், கண்ணெதிரே குறைந்துகொண்டே போகிறது. அதையும் எழுதுகிறார். டோர்ஸ்மன் அளவெடுக்க ஓட வேண்டியிருந்தது என்றும் எழுதுகிறார். குமிழி நின்றது ஏன் என்ற கேள்வி பக்கத்தில் இல்லை. ஹீலியம் அந்தக் குளிரில் உராய்வே இல்லாமல் ஓடும் வேறொரு திரவமாக மாறிவிடுகிறது என்பது மாஸ்கோவிலும் கேம்பிரிட்ஜிலும் தெரியவர 1938 ஆகிறது. லைடனில் ஒரே நாளில் இரண்டும் கண்ணில் பட்டன. ஒன்றுக்குத்தான் அன்று கேள்வி கைவசம் இருந்தது.

மின்தடை பூஜ்யம் என்பது முதல் பார்வையில் பழுதுபோலத் தெரியும். எங்கோ கம்பிகள் தொட்டுக்கொண்டால் இதே அளவுதான் வரும். ஆகவே பழுதைத் தேடுகிறார்கள். இணைப்புகளைப் பார்க்கிறார்கள். குழாய்களை மாற்றுகிறார்கள். லைடனில் ஒரு கதை உண்டு. அழுத்தத்தைக் கண்காணிக்க உட்கார்ந்த நீலப் பையன் கண்ணயர்ந்தானாம். வெப்பநிலை மெல்ல ஏறியதாம். ஹோல்ஸ்டின் ஒளிப்புள்ளி சட்டென்று தாவியதாம். குறிப்பேட்டில் தூங்கிய பையன் இல்லை. மே 23 இருக்கிறது. அன்று வெப்பநிலையை இம்மியிம்மியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் அளந்திருக்கிறார்கள். 4.1 கெல்வினைத் தாண்டியதும் மின்தடை திடீரென்று பிறக்கிறது. சரிவு இல்லை. செங்குத்துச் சுவர்.

அக்டோபர் 26 அன்று எடுத்த அளவுகள் வரைபடத்தாளில் ஏறுகின்றன. புள்ளிகள் தரையோடு தரையாக வருகின்றன. 4.2இல் நேர் மேலே எழுகின்றன. உலகத்து இயற்பியல் நூல்களில் இன்றும் அச்சாவது அந்த வரைபடம். சில நாள் கழித்து பிரஸ்ஸல்ஸில் இயற்பியலாளர்களின் முதல் சால்வே மாநாடு. கூட்டப் படத்தில் ஒன்னஸ் நிற்கிறார். அதே படத்தில் ஐன்ஸ்டைனும் நிற்கிறார்.

மின்தடை மறையும் இந்த மீக்கடத்துத்திறனை உலகுக்குச் சொன்ன கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் ஒன்றே. ஹோல்ஸ்ட் 1914இல் ஐந்தோவனுக்குப் போகிறார். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தைத் தொடங்கி நடத்துகிறார்.

1913 டிசம்பர். ஸ்டாக்ஹோம். நோபல் பரிசு. காரணத்தில் திரவ ஹீலியம் இருக்கிறது. மீக்கடத்துத்திறன் என்ற பெயர் அதில் இல்லை.

அதே வருடம் சிகாகோவில் ஒரு திட்டத்தைச் சொல்லியிருக்கிறார். மின்தடை இல்லாத கம்பியைச் சுருளாகச் சுற்றினால் சூடேறாது. சூடேறாவிட்டால் எவ்வளவு மின்னோட்டமும் செலுத்தலாம். 1,00,000 காஸ் வலிமையுள்ள காந்தம். லைடனில் காரீயச் சுருள் சுற்றுகிறார்கள். சில நூறு காஸ் புலத்திலேயே காரீயம் சாதாரண உலோகமாகிவிடுகிறது. மின்னோட்டத்தால் பிறந்த காந்தமே அதைக் கெடுக்கிறது. திட்டம் குறிப்பேட்டோடு நிற்கிறது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த பொருள் ஒன்று 88,000 காஸ் புலத்திலும் மீக்கடத்தியாகவே இருக்கிறது. இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் கருவியின் காந்தச் சுருள் பெரும்பாலும் திரவ ஹீலியத்தில்தான் மூழ்கியிருக்கிறது.

1914. மேசைமேல் ஒரு குடுவை. உள்ளே காரீயச் சுருள். பக்கத்தில் திசைகாட்டி முள். மின்கலத்தைத் துண்டிக்கிறார்கள். முள் விலகியபடியே நிற்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். அங்கேயே நிற்கிறது. சுருளுக்குள் மின்னோட்டம் எதன் தள்ளுதலும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இயற்பியலாளர் பால் எஹ்ரன்ஃபெஸ்ட் அதைப் பார்த்துவிட்டுச் சக இயற்பியலாளர் லோரென்ட்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார். குடுவையைச் சூடாக விடுகிறார்கள். முள் வடக்குக்குத் திரும்புகிறது.

போர் வருகிறது. ஹாலந்து போரில் இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஹீலியம் கிடைப்பது அரிதாகிறது.

1920 நவம்பர். எஹ்ரன்ஃபெஸ்ட் வீட்டில் ஒரு புகைப்படம். ஐன்ஸ்டைன், லான்ஜ்வான், வைஸ், எஹ்ரன்ஃபெஸ்ட், ஒன்னஸ். மீக்கடத்திகள் பற்றிப் பேசக் கூடியவர்கள். அந்த வருடம் ஐன்ஸ்டைன் லைடனில் சிறப்புப் பேராசிரியர். எல்லாரும் பேசுகிறார்கள். மின்தடை ஏன் மறைகிறது என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. விடை 1957இல் அமெரிக்காவிலிருந்து வருகிறது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர்.

1922. ஒன்னஸுக்கு 69 வயதை நெருங்குகிறது. ஹீலியத்தை உறையவைக்கும் ஆசை விடவில்லை. வெற்றிடப் பம்புகளை வரிசையாக அடுக்குகிறார்கள். எல்லாம் ஒரே குடுவையிலிருந்து ஆவியை உறிஞ்சுகின்றன. 0.83 கெல்வின். அதுவரை பூமியில் யாரும் எட்டாத குளிர். ஹீலியம் இன்னும் திரவம்தான்.

1926 பிப்ரவரி 21. சிறிது நாள் நோய்க்குப் பிறகு மரணம்.

அடக்கம் பக்கத்து ஊரான ஃபோர்ஸ்ஹோட்டனில். லைடனில் சடங்கு நீண்டுவிட்டதாகச் சொல்வார்கள். குறித்த நேரத்துக்கு இடுகாடு போய்ச் சேர வேண்டும். குதிரை வண்டி வேகம் பிடிக்கிறது. பின்னால் ஆய்வகத்து மெக்கானிக்குகள். கறுப்பு உடுப்பு, உயரத் தொப்பி. நடந்து வந்தவர்கள் ஓடத் தொடங்குகிறார்கள். மூச்சு வாங்குகிறது. செத்த பிறகும் பெரியவர் நம்மை ஓடவைக்கிறாரே என்கிறார் ஒருவர். யாரும் நிற்கவில்லை.

அந்த ஜூன் மாதம் அதே ஆய்வகத்தில் வில்லெம் கேசொம் ஹீலியத்தை உறையவைக்கிறார். குளிர் மட்டும் போதவில்லை. அழுத்தமும் வேண்டியிருந்தது. சுமார் 25 வளிமண்டல அழுத்தம். பெரியவர் அத்தனை காலம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்.

1932. ஃப்ளிம் விமானம் ஏறுகிறார். கையில் ஒரு குடுவை. உள்ளே திரவ ஹீலியம். அதற்குள் காரீய வளையம். வளையத்தில் 200 ஆம்பியர் மின்னோட்டம் லைடனிலேயே செலுத்தப்பட்டுவிட்டது. கம்பி இணைப்பு எதுவும் இல்லை. கடல் கடந்து லண்டனில் இறங்கும்போதும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கில் அதைக் காட்டுகிறார்கள். டூவர் வேலை செய்த இடம் அது.

அந்த வருடம் லைடன் ஆய்வகத்துக்கு காமர்லிங் ஒன்னஸ் பெயர் சூட்டப்படுகிறது. இன்று அந்தக் கட்டடத்தில் சட்டத்துறை நடக்கிறது. குறிப்பேடுகளும் ஹீலிய எந்திரமும் ஊரின் புர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1901இல் தொடங்கிய கருவிசெய்வோர் பள்ளி மூடப்படவில்லை. உலோகம் கடையவும் கண்ணாடி ஊதவும் அங்கே இன்றும் கற்றுத் தருகிறார்கள்.